சுட்டவரே துடைக்கட்டும்!

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன், தேசிய மாணவர் படை)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டால் நம் மாணவர்கள் எதைப் பற்றி எழுதுவார்கள் என்பதைப் பேராசிரியப் பெருமக்கள் முன்கூட்டியே அறிவார்கள். தாயன்பைப் பற்றி நான்கு கவிதைகள் வரும். வரதட்சணைக் கொடுமையைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வரும். நட்பும், நிலவும், காலத்தின் அருமையும் தவறாமல் வரும். இவற்றுக்கு நடுவே, துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியைத் துடைப்பது பற்றி ஒருவன் எழுதிக்கொண்டு போய் நின்றால் மலர்க்குழு திகைக்கத்தானே செய்யும்? "தம்பி, இது மேகசினுக்கு ஏற்ற பொருளா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். "சார், மேகசினைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்" என்றேன். சிரித்துவிட்டார். கட்டுரையை வாங்கிக்கொண்டார்.

அது வெறும் சொல் விளையாட்டும் அன்று. அரபு மொழியில் 'மக்ஸன்' என்றால் களஞ்சியம். அச்சொல் இத்தாலி, பிரான்சு நாடுகளின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது பண்டகசாலையையும் வெடிமருந்துக் கிடங்கையும் குறித்தது. 1731-ஆம் ஆண்டு லண்டனில் எட்வர்டு கேவ் என்பவர் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' என்ற இதழைத் தொடங்கினார். பலவகைச் செய்திகளின் களஞ்சியம் என்று பொருள்படவே அப்பெயரை வைத்தார். அன்று முதல் இதழ்களுக்கும் மேகசின் என்ற பெயர் நிலைத்தது. ஆகவே நீங்கள் கையில் வைத்திருக்கும் இம்மலரும், ரைபிளின் அடியில் மாட்டும் தோட்டாப் பெட்டியும் ஒரே பெயரைத் தாங்கிய இரு களஞ்சியங்கள். ஒன்றைப் பற்றி மற்றொன்றில் எழுதுவதில் தவறில்லை அல்லவா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஆயுதப் பயிற்சியில் சுடுவதற்குக் கொடுக்கும் மதிப்பில் பாதியையாவது துடைப்பதற்குக் கொடுக்க வேண்டும். அதிலும், எவரும் கண்டுகொள்ளாத மேகசினுக்குக் கொடுக்க வேண்டும். சுட்டவர் எவரோ அவரே துடைக்கவும் வேண்டும். ஏன் என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுமையுடன் தொடர்ந்து படிக்குமாறு வேண்டுகிறேன்.

மேகசின் என்பது என்ன?

தேசிய மாணவர் படையில் சேராத நண்பர்களுக்காகச் சிறிது விளக்கம். மேகசின் என்பது தகட்டாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஒரு கூடு. அதற்குள் ஒரு சுருள்வில், அதன் தலையில் தோட்டாக்களைத் தாங்கும் ஒரு மேடை, அடியில் ஒரு மூடுதகடு. ஆக நான்கே உறுப்புகள். கூட்டின் வாயில் இரு ஓரங்களும் உள்நோக்கி வளைந்திருக்கும். அவற்றை உதடுகள் என்பார்கள். சுருள்வில் தோட்டாக்களை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. உதடுகள் அவற்றை வெளியே போகவிடாமல் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. ரைபிளின் போல்ட் பின்னே சென்று முன்னே வரும்போது, மேலே நிற்கும் தோட்டாவை உதடுகளின் பிடியிலிருந்து உருவிக் குழலின் அறைக்குள் தள்ளுகிறது. உடனே அடுத்த தோட்டா அந்த இடத்துக்கு உயர்கிறது. இவ்வளவுதான் அதன் வேலை.

இந்தப் பெட்டி வடிவை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ. 1879-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1888-இல் பிரிட்டிஷ் இராணுவம் ஏற்ற லீ-மெட்ஃபோர்டு ரைபிளில் இவருடைய மேகசினே இடம்பெற்றது. முதலில் 8 தோட்டாக்கள் கொண்ட அது, பின்னர் 10 தோட்டாக்கள் கொள்ளுமாறு மாற்றப்பட்டது. அதன் வழிவந்த .303 லீ-என்ஃபீல்டைத்தான் பல மாணவர் படைப் பிரிவுகள் அணிவகுப்புக்குத் தோளில் சுமந்திருக்கின்றன.

அந்தத் தொடக்க கால ரைபிள்களில் ஒரு வேடிக்கை உண்டு. மேகசின் தொலைந்துவிடாதபடி அதை ரைபிளோடு ஒரு சிறு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். அதோடு நில்லாமல், மேகசினின் வாயை மூடும் ஒரு தகட்டையும் வைத்தார்கள். சிப்பாய் சாதாரண நேரத்தில் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இட்டுச் சுட வேண்டும். நெருக்கடி வந்தால்தான் தகட்டை இழுத்து மேகசினைப் பயன்படுத்த வேண்டும். அன்றைய தளபதிகள் மேகசினை ஆபத்துக்கால வைப்பு நிதியாகக் கருதினார்கள். இன்று அதே பொருளை நாம் கையிலிருந்து நழுவவிடுகிறோம், தரையில் எறிகிறோம், படுத்துச் சுடும்போது அதையே முட்டாக ஊன்றிக்கொள்கிறோம்.

சிறு பெட்டியின் பெரும் பொறுப்பு

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு கணக்கைச் சொல்ல விரும்புகிறேன். நிமிடத்துக்கு 600 தோட்டா என்ற வேகத்தில் இயங்கும் ஒரு ரைபிளில், ஒரு தோட்டாவுக்குக் கிடைக்கும் நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் போல்ட் பின்னே போய்த் திரும்ப வேண்டும். வெற்றுக்கூடு வெளியே விழ வேண்டும். மேகசினில் மிஞ்சியிருக்கும் அத்தனை தோட்டாக்களையும் சுருள்வில் ஒருசேர உயர்த்தி, மேல் தோட்டாவைச் சரியான சாய்வில் நிறுத்த வேண்டும். கூட்டின் உட்சுவரில் மணலும், கெட்டிப்பட்ட எண்ணெயும் படிந்திருந்தால் உராய்வு கூடும். தோட்டா மேலே வரும் முன் போல்ட் வந்துவிடும். ரைபிள் நின்றுவிடும்.

மேகசின் நிரம்பியிருக்கும்போது சுருள்வில் மிகுதியாக அமுங்கியிருக்கிறது, விசையும் மிகுதி. கடைசித் தோட்டாக்களுக்கு வரும்போது விசை குறைந்துவிடுகிறது. ஹூக் விதியை ஆய்வகத்தில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு மெய்ப்பித்த நாம் இதை எளிதில் உணரலாம். ஆகவே முதல் பதினைந்து தோட்டாக்களை ஒழுங்காகக் கொடுத்துவிட்டுக் கடைசி இரண்டில் தகராறு செய்யும் மேகசினைக் கண்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சுருள்வில்லையும் உட்சுவரின் அழுக்கையும். தோட்டா நிரப்பி வைத்திருந்தாலே சுருள்வில் செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நல்ல எஃகினால் செய்து, மீட்சி எல்லைக்குள் அமுக்கிய சுருள்வில், சும்மா இருப்பதால் அவ்வளவு கெடுவதில்லை. அதைக் கெடுப்பவை துரு, ஆயிரம் முறை அமுங்கி நிமிரும் உழைப்பு, துடைக்கிறேன் என்று சொல்லி அதைப் பிடித்து இழுக்கும் கைகள்.

உதடுகளின் கதை இன்னும் நுட்பமானது. சிமென்டுத் தரையில் ஒருமுறை தலைகுப்புற விழுந்தால் போதும், உதடு ஒரு மயிரிழை விரியும் அல்லது ஒடுங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தோட்டா நிமிர்ந்து கொண்டு முட்டும். அல்லது இரண்டு ஒன்றாகக் கிளம்பும். பார்ப்பவர் "ரைபிள் மோசம்" என்பார். ரைபிளை ஆயுதக் கிடங்குக்கு அனுப்புவார். குற்றவாளியான மேகசினோ, கழற்றி மேசையில் வைக்கப்பட்டு, அடுத்த ரைபிளில் போய் அமர்ந்துகொள்ளும்!

.303 ரைபிளில் வேறொரு சிக்கலும் உண்டு. அதன் தோட்டாவின் அடியில் விளிம்பு இருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், போல்ட் எவ்வளவு தள்ளினாலும் மேல் தோட்டா நகராது. எனவே மேலே வைக்கும் ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்குமாறு நிரப்ப வேண்டும். மேகசினைத் தூய்மையாக வைத்திருந்தும் நிரப்பத் தெரியாவிட்டால் பயனில்லை என்பதற்கு இது சான்று.

துடைக்கும் முறை

எங்கள் முகாமில் ஆயுத வகுப்பு எடுத்த ஹவில்தாரை நாங்கள் உஸ்தாத் என்று அழைப்போம். பத்து ஆண்டுகளுக்கு மேல் எல்லைப்புறங்களில் பணிபுரிந்தவர். அவர் மேகசினைக் கையில் எடுத்தாலே முதலில் அதன் வாயைப் பார்ப்பார். பிறகுதான் எங்களைப் பார்ப்பார். அவர் கற்றுக்கொடுத்ததையும் நான் படித்ததையும் சுருக்கித் தருகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பாதுகாப்பு. மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று எண்ணுவது உயிருக்கே உலை வைக்கும் எண்ணம். குழலின் அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். எனவே குழலை ஆபத்தில்லாத திசையில் நீட்டி, முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகே போல்ட்டை இழுத்து அறையைக் கண்ணால் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றிப் போல்ட்டை முதலில் இழுத்தால், மேகசினிலிருந்து இன்னொரு தோட்டா அறைக்குள் போய் உட்கார்ந்துவிடும். துடைக்கும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

அடுத்து, மூடுதகட்டைக் கழற்ற வேண்டும். அந்நேரம் சுருள்வில் துள்ளி முகத்தில் அடிக்காதபடி கட்டைவிரலால் அமுக்கிக்கொள்ள வேண்டும். சுருள்வில் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதைக் கவனித்து வைத்தால், திரும்பப் பூட்டும்போது தடுமாற்றம் வராது. கூட்டின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். மூலைகளில் சேர்ந்த மணலைத் தூரிகையால் எடுக்க வேண்டும். சுருள்வில்லைத் துடைத்தால் போதும், இழுக்கக் கூடாது.

இனி எண்ணெய். நம்மவர்கள் தவறாமல் இடறுவது இங்கேதான். எண்ணெய் மிகுந்தால் பாதுகாப்பு மிகும் என்று நினைத்து மேகசினுக்குள் ஊற்றிவிடுகிறார்கள். அந்த எண்ணெய் தூசியை இழுத்துப் பசையாக்குகிறது. தோட்டாவின் அடிப்புறத்துக்குள் கசிந்தால் அது வெடிக்காமலே போகவும் கூடும். எஃகு மேகசினுக்கு எண்ணெய் பூசுவது துருவைத் தடுப்பதற்கு மட்டுமே. தொட்டுத் துடைத்த பிறகு விரலில் ஒட்டாத அளவே போதும். தோட்டா தொடும் உட்புறம் உலர்ந்தே இருக்க வேண்டும். உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் துரு ஒரே வாரத்தில் தலைகாட்டும். அங்கே துடைப்பதன் அளவைக் கூட்டாமல், துடைக்கும் தடவைகளைக் கூட்ட வேண்டும். முகாமில் நாம் 25 கஜத் தொலைவில் சுடும் .22 ரைபிளின் ஈயக் குண்டுகள்மீது மெழுகுப் பூச்சு இருக்கும். அது மேகசினிலும் அறையிலும் ஒட்டிக் கறுப்பாகப் படியும். அதை விட்டுவைத்தால் அடுத்த ஆண்டு முகாமுக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சீதனமாகப் போய்ச் சேரும்.

பூட்டிய பின் விரலால் மேடையை அடிவரை அமுக்கி விட்டுப் பார்க்க வேண்டும். தடையின்றி மேலே வந்தால் மேகசின் உயிரோடு இருக்கிறது. உதடுகளில் வளைவு, கூட்டில் நசுங்கல், பிளாஸ்டிக் ஆனால் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கடைசியாக, சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டு வரிசையில் நிற்கக் கூடாது. ஈயம் வயிற்றுக்கு உகந்ததன்று.

வரலாறு தரும் பாடம்

"இவ்வளவு சிறிய பொருளுக்கு இவ்வளவு ஆரவாரமா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு மூன்று நிகழ்ச்சிகளை எடுத்துக்காட்டுகிறேன்.

முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படையினர் ஷோஷா என்ற இலகு இயந்திரத் துப்பாக்கியைப் பயன்படுத்தினர். அதன் மேகசின் பிறை வடிவானது. உள்ளே எத்தனை தோட்டாக்கள் மிஞ்சியிருக்கின்றன என்று வீரன் பார்க்க வசதியாக அதன் ஒரு பக்கத்தைத் திறந்தே விட்டிருந்தார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் போர் நடந்ததோ சேறு நிறைந்த பதுங்குகுழிகளில். திறந்த பக்கத்தின் வழியே சேறு உள்ளே புகுந்தது. அத்துப்பாக்கி அடிக்கடி நின்றுபோனதற்கு அந்த மேகசினே முதன்மைக் காரணமாயிற்று.

அதே ஆசையை வேறு வழியில் நிறைவேற்றியது நம் நாட்டு இன்சாஸ் ரைபிள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் மேகசின் செய்தார்கள். தோட்டா தெரியும், சேறு புகாது. ஆனால் 1999-இல் கார்கில் மலைமுகடுகளின் கடுங்குளிரில் அந்தப் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் கண்டதாகப் புகார்கள் எழுந்தன. செய்தித்தாள்களில் விரிவாகவே வெளிவந்தன. நம் திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் உருவாக்கப்பட்ட ரைபிள் அது என்பதால், தமிழ்நாட்டு மாணவர்களாகிய நாம் இதை அக்கறையுடன் சிந்திக்கக் கடமைப்பட்டவர்கள். விரிசல் கண்டுவிட்ட மேகசினை எந்தத் துணியாலும் துடைத்துச் சரியாக்க முடியாது. ஆனால் துடைப்பவன் கண்ணில்தான் அந்த விரிசல் முதலில் படும்.

மூன்றாவது நிகழ்ச்சியே என் நெஞ்சை மிகவும் வருத்துவது. வியட்நாம் போரில் அமெரிக்கா தன் வீரர்களுக்கு எம்-16 என்ற புதிய ரைபிளைக் கொடுத்தது. அதற்குத் துடைப்பு வேலை குறைவு என்ற பேச்சு பரவியிருந்தது. பலருக்குத் துடைக்கும் கருவிகளே வழங்கப்படவில்லை. போதிய பயிற்சியும் இல்லை. இதற்கிடையே தோட்டாவில் இடும் வெடிமருந்தின் வகையையும் மாற்றிவிட்டார்கள். ஈரம் மிகுந்த காட்டில் குழலின் அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. ரைபிள்கள் போர்முனையில் நின்றுபோயின. உயிர்கள் போயின. "வீரர்கள் சரியாகத் துடைக்கவில்லை" என்று பழி அவர்கள்மேல் விழுந்தது! 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று ரிச்சர்டு இக்கார்டு என்பவர் தலைமையில் விசாரித்து, அவ்வாண்டு அக்டோபரில் அறிக்கை தந்தது. குறை மேலிடத்தின் முடிவுகளிலும் இருந்தது என்பது அதில் வெளிப்பட்டது. அதன் பின்னர் அறைக்குக் குரோமியப் பூச்சு வந்தது, துடைக்கும் கருவிகள் வந்தன, பயிற்சி வந்தது. வில் ஐஸ்னர் என்ற புகழ்பெற்ற சித்திரக்கதை ஓவியரைக் கொண்டு, ரைபிளைப் பேணும் முறையைப் படக்கதைப் புத்தகமாகவே வரைந்து வீரர்களிடம் கொடுத்தார்கள். அந்த ரைபிளின் 20 தோட்டா மேகசினில், சுருள்வில்லுக்கு இடம்விட்டு 18 மட்டும் நிரப்பும் பழக்கமும் வீரர்களிடையே வேரூன்றியது.

இதிலிருந்து நான் அறிவது என்ன? பராமரிப்பு என்பது கீழே இருப்பவன் தலையில் மட்டும் கட்டிவிட வேண்டிய சுமையன்று. கருவியைக் கொடுப்பவர், அதைக் காக்கும் துணியையும் எண்ணெயையும் அறிவையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அவற்றைக் கொடுக்காமல் "ஏன் துடைக்கவில்லை?" என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை.

நம் முகாமில் நடப்பது

இனி நம் வீட்டுக்கு வருவோம். சுடும் நாளன்று மாலை முகாமில் காணும் காட்சி எல்லா மாணவர் படையினருக்கும் தெரிந்ததே. அண்ணன்மார் சுட்டு முடித்து, இலக்குத் தாளில் விழுந்த துளைகளை எண்ணிப் பெருமை பேசிக்கொண்டு தேநீர் வரிசையில் நிற்பார்கள். முதலாண்டுத் தம்பிகள் தரை விரிப்பில் உட்கார்ந்து, 4 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் கொண்ட துணித்துண்டுகளை வைத்துக்கொண்டு ரைபிள்களைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். துணி தீர்ந்துவிட்டால் தங்கள் பனியனைக் கிழிப்பார்கள். அருகில் மாணவியர் பிரிவினர் துடைப்பதைப் பார்த்து, "அவர்களுக்குப் பாத்திரம் தேய்த்துப் பழக்கம், சீக்கிரம் முடித்துவிடுவார்கள்" என்று ஒரு நண்பர் நகைச்சுவை செய்தார். சிரித்தவர்களும் இருந்தார்கள். அந்த மாணவியரில் ஒருவர் அன்று காலை இலக்கில் எங்கள் எல்லாரையும்விட நெருக்கமாகச் சுட்டவர் என்பது அந்த நண்பருக்குத் தெரியாது போலும்!

இந்த ஏற்பாட்டில் முதலில் ஒரு நடைமுறைக் குறை இருக்கிறது. மேகசின் எப்போது தகராறு செய்தது, எத்தனையாவது தோட்டாவில் மாட்டியது என்பது சுட்டவருக்கே தெரியும். துடைப்பவருக்குத் தெரியாது. துடைக்கும்போது உதட்டில் வளைவு இருக்கிறது என்பதைத் துடைப்பவர் காண்பார், சுட்டவர் காணமாட்டார். நோயும் ஒருவரிடம், மருந்தும் வேறொருவரிடம். இருவரும் பேசிக்கொள்வதில்லை. கெட்ட மேகசின் கிடங்குக்குப் போய், அடுத்த முகாமில் நல்ல பிள்ளைபோலத் திரும்பி வருகிறது.

இதைவிடப் பெரிய குறை வேறு. அழுக்காக்குபவர் ஒருவர், அதைத் துடைப்பவர் இன்னொருவர் என்ற பிரிவினை நம் சமுதாயத்தில் நெடுங்காலமாக வேரூன்றி, பிறப்பின் அடிப்படையில் மனிதரை மனிதர் தாழ்த்துவதற்குக் கருவியாயிற்று. வீட்டுக்குள் அது பெண்ணின் தலையில் விழுந்தது. இந்தப் பழக்கத்தை உடைப்பதற்கு ஒரு சீருடையைவிட நல்ல வாய்ப்பு ஏது? எல்லாருக்கும் ஒரே காக்கி, ஒரே உணவு, ஒரே தரை. 'ஒற்றுமையும் ஒழுக்கமும்' என்பது நம் படையின் குறிக்கோள். அந்தச் சீருடைக்குள்ளேயும் ஒருவர் சுடவும் மற்றொருவர் துடைக்கவும் ஏற்பாடு செய்துகொண்டால், நாம் ஊரிலிருந்து மூட்டை கட்டி எடுத்துவந்த பழைய பழக்கத்துக்குக் காக்கி உடுத்தியிருக்கிறோம் என்பதைத் தவிர வேறென்ன?

"முதலாண்டு மாணவர் துடைத்துத்தானே கற்றுக்கொள்ள வேண்டும்?" என்று மூத்தவர்கள் வாதிடுவார்கள். கற்றுக்கொள்ளட்டும், மறுக்கவில்லை. ஆனால் கற்பிப்பவர் அருகில் உட்கார்ந்து தாமும் துடைத்தால் அது கல்வி. கற்பிப்பவர் தேநீர் வரிசையில் நின்றால் அதற்கு வேறு பெயர். "ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடித் தோட்டா சுடும் மாணவனுக்கு இந்த நுணுக்கம் எதற்கு?" என்பதும் ஒரு கேள்வி. நம்மில் பெரும்பாலோர் இராணுவத்துக்குப் போகப் போவதில்லை என்பது உண்மையே. ஆனால் நாளை மின்வாரியத்திலோ, போக்குவரத்துக் கழகப் பணிமனையிலோ, மருத்துவமனையிலோ, பள்ளி ஆய்வகத்திலோ வேலை பார்ப்போம். அங்கெல்லாம் பெரிய இயந்திரம் நின்றுபோவது பெரும்பாலும் ஒரு சிறு உறுப்பினால்தான். நம் கல்லூரி ஆய்வகத்தில் நிறமாலைமானியின் திருகு ஒன்று இறுகிப்போனால் ஒரு வகுப்பே சும்மா உட்கார்ந்திருக்கிறதே, பார்த்ததில்லையா?

துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதே அமைதிக்கு மாறானது என்று எண்ணும் நண்பர்களையும் நான் மதிக்கிறேன். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். துடைக்கும் பாடத்தின் முதல் வரியே, ஆயுதம் காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார் என்பதுதான். ஆயுதத்தைக் கண்டு வியக்கிறவனைவிட, அதைக் கழற்றித் துடைத்து, அது வெறும் தகடும் சுருள்வில்லும் என்று கண்டவன் அதை விளையாட்டாகத் தொடமாட்டான்.

என் கோரிக்கைகள்

புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற பாடலை நாம் பாடமாகவே படித்திருக்கிறோம். தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, மாலையிட்டு, காவல் மிக்க மாளிகையில் பளபளவென்று இருக்கின்றன. அதியமானின் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் பழித்தார் ஔவையார் என்று நாம் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றோம். ஆனால் அந்தப் பட்டறையில் உட்கார்ந்து, முனை சிதைந்த வேலை மீண்டும் வேலாக்கிய அந்தக் கொல்லனைப் பற்றி ஒரு மதிப்பெண் கேள்விகூட வந்ததில்லை. அதியமானின் வெற்றியில் அவன் கைக்கும் பங்குண்டு என்பது என் துணிபு. தொண்டைமானின் நெய்ப்பூச்சோ, ஆண்டுக்கு ஒருநாள் ஆயுத பூசையன்று சந்தனம் குங்குமம் இட்டுவிட்டு மறுநாள் மறந்துவிடும் நம் பழக்கத்தையே நினைவூட்டுகிறது. பூசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூசைக்கு முதல்நாள் துடைக்கிறோமே, அந்தத் துடைப்பு மற்ற நாட்களிலும் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே நம் கல்லூரிப் படைப்பிரிவின் பொறுப்பாளர் அவர்களுக்கும், மாணவ நண்பர்களுக்கும் மூன்று கோரிக்கைகளைப் பணிவுடன் வைக்கிறேன்.

ஒன்று: எந்த நிலையில் இருப்பவரானாலும், சுட்டவர் தம் ரைபிளையும் மேகசினையும் தாமே துடைத்துக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். முதலாண்டு மாணவர் அருகிலிருந்து கற்கட்டும். துடைத்த பிறகே தேநீர் என்று ஒரு விதி இருந்தால் வேலை விரைவாகவே முடியும்!

இரண்டு: வகுப்புக்கு வரும் ஒவ்வொரு மேகசினுக்கும் வண்ணத்தில் ஓர் எண் இட அனுமதி பெற வேண்டும். அரை ரூபாய் மதிப்புகூட இல்லாத அந்த வண்ணப்பொட்டு, எந்தப் பெட்டி தகராறு செய்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஒரு குறிப்பேட்டில் சுட்டவரும் துடைத்தவரும் ஒரு வரி எழுத வேண்டும். இருவரும் ஒருவரே என்றால் இன்னும் நல்லது. இரண்டு முறை குறை கண்ட மேகசினைத் தனியே ஒதுக்கி, பழுது பார்ப்பவரிடம் அனுப்ப வேண்டும்.

மூன்று: முகாமுக்குப் புறப்படும்போதே துணி, தூரிகை, எண்ணெய் ஆகியவை போதிய அளவில் வழங்கப்பட வேண்டும். எந்தத் தம்பியும் இனித் தன் பனியனைக் கிழிக்கக் கூடாது. உள்ளூர்ப் பயிற்சித் தேர்வில் ரைபிளின் எடையையும் நீளத்தையும் ஒப்பிக்கச் சொல்வதோடு, குறையுள்ள ஒரு மேகசினைக் கையில் கொடுத்து, "இதில் என்ன கோளாறு?" என்று கேட்டு அதற்கும் மதிப்பெண் இட வேண்டும்.

இவற்றுள் முதற் கோரிக்கைக்கு அரசாணை வேண்டியதில்லை. நிதி ஒதுக்கீடும் வேண்டியதில்லை. மூன்றாமாண்டு மாணவர்கள் மனம் வைத்தால் போதும். வரும் முகாமில் சுடுதளத்திலிருந்து இறங்கியவுடன் நாமே விரிப்பில் போய் உட்காருவோம். நமக்குப் பக்கத்தில் முதலாண்டுத் தம்பி ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவனிடம் மேகசினைக் கொடுத்து, "இதன் உதட்டைப் பார் தம்பி, ஒரு பக்கம் சற்று விரிந்திருக்கிறது, தெரிகிறதா?" என்று கேட்போம்.